கொலைக்கு முன்பே விழுந்த கறை: செட்டிநாட்டு வீட்டில் குற்றப்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை மூன்று நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் உதவி இயக்குநர். காட்சித் தொடர்ச்சியைக் கவனிப்பது என் வேலை. கொலையாகும் பெரியவராக நடித்தவருக்கு முதல் நாள் மட்டும்தான் வர முடிந்தது. அதனால் கொலையை முதலில் எடுத்தோம். கதைப்படி அதற்கு நான்கு நாள் முன்னால் நடக்கும் கல்யாணப் பேச்சை மூன்றாம் நாள் எடுத்தோம். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த 'ரத்தம்' நடு முற்றத்தைச் சுற்றிய வளவுத் தரையில் ஒரு முழம் அகலத்துக்கு ஓடியது. அன்றிரவே கழுவித் துடைத்துவிட்டோம்.

அந்தத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் போட்டுக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அது சாயத்தை உறிஞ்சும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பெண் வீட்டார் வந்து உட்காரும் ஜமுக்காளத்தின் ஓரத்தில், தரைக்கல்லில் உள்ள பூ வேலைப்பாட்டின் மஞ்சள் இதழில், வெளிறிய சிவப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படப்பிடிப்பில் யாரும் பார்க்கவில்லை. படத்தொகுப்பிலும் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் என் காதருகே வந்து, "தம்பி, கொலை நடப்பதற்கு முன்பே கறை வந்துவிட்டதே, அப்படியென்றால் ஏற்கெனவே இன்னொரு கொலை நடந்திருக்கிறதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

காதல் கதையில் நாயகியின் வளையல் ஒரு ஷாட்டில் நான்காகவும் அடுத்ததில் ஐந்தாகவும் இருந்தால் யாருக்கும் கவலையில்லை. குற்றப்படத்தில் பார்வையாளரிடம் 'எல்லாவற்றையும் சந்தேகப்படு' என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அவரும் சொன்னபடி சந்தேகப்படுகிறார். நம் கவனக்குறைவு அவர் கண்ணில் தடயமாகிவிடுகிறது. ஆகவே எந்தப் பிழையையும் 'இது கதையின் முடிச்சைத் தொடுகிறதா' என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும். தொடாத பிழைக்காக ஒரு நாள் படப்பிடிப்பை வீணாக்க வேண்டியதில்லை. தொடுகிற பிழைக்கு இரண்டு நாள் செலவானாலும் திருத்தியாக வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டில் முடிச்சை அதிகம் தொடுவது வீட்டின் அமைப்புதான். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று நேர்கோட்டில் போகும். முகப்பு வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரிகிற வீடுகள் உண்டு. இது தெரியாமல் எழுதப்படும் கதைகளில், கொலைகாரன் பின்பக்கம் ஓடியதும் 'தப்ப வழியில்லை' என்று மதிற்சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். பார்க்கிற ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரும். இன்னொரு கொடுமை, முகப்பை ஓர் ஊரிலும் வளவை வேறோர் ஊரிலும் எடுத்து ஒட்டுவது. செலவு கருதிச் செய்வதில் தப்பில்லை. ஆனால் ஒரு வீட்டில் நிலைக்கதவு மேல் கஜலட்சுமி, மற்றதில் வேறு சிற்பம். ஒன்றில் வளவுத் தூண் மரம், மற்றதில் கருங்கல். 'சத்தம் கேட்டு இருபது எட்டு வைத்து ஓடி வந்தேன்' என்று சாட்சி சொல்லும் படத்தில் அந்த இருபது எட்டு எந்த வீட்டின் எட்டு? எழுதுவதற்கு முன் வீட்டின் வரைபடத்தைத் தாளில் போட்டு, ஒவ்வொரு பாத்திரமும் எந்தக் கட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் ஆளுக்கொரு தீப்பெட்டி வைத்து நகர்த்திப் பார்ப்பேன்.

அடுத்தது வெயில். வளவின் நடுவில் வானம் திறந்திருக்கிறது. தரையில் விழும் வெயில் சதுரம் அழகுதான், ஒளிப்பதிவாளர்கள் அதற்காகவே இந்த வீடுகளைத் தேடி வருகிறார்கள். ஆனால் அது ஒரு கடிகாரம். தாழ்வாரத்தின் விளிம்பு பன்னிரண்டடி உயரத்தில் இருந்தால், உச்சிப்பொழுதை ஒட்டி அந்தச் சதுரம் மணிக்கு மூன்றடிக்குமேல் நகரும். காலையில் மேற்குத் தூண்களில் இருக்கும்; மாலையில் கிழக்குத் தூண்களுக்குப் போய்விடும். பத்து மணிக்கு ஒருவர் பேசுவதையும் பதினொன்றரைக்கு மற்றவர் பதில் சொல்வதையும் எடுத்து ஒட்டினால், இரண்டு வாக்கியத்துக்கு இடையில் ஐந்தடிக்குமேல் வெயில் ஓடியிருக்கும். போதாததற்குச் சுவரில் பெண்டுலக் கடிகாரம் வேறு ஒன்பதேகால் காட்டிக்கொண்டிருக்கும்.

மாதம் மாறினால் இன்னும் சிக்கல். இந்த வட்டாரம் ஏறக்குறைய பத்து பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். தூணின் நிழல் தூணின் காலடியிலேயே கிடக்கும். டிசம்பரில் அதே வேளையில் சூரியன் தெற்கே முப்பத்து மூன்று பாகை சரிந்திருக்கும். வெயில் வடக்குத் தாழ்வாரத்தில் ஏறும். கோடையில் எடுத்த கொலைக்கு மார்கழியில் இரண்டு ஷாட் விட்டுப்போனது என்று திரும்பி வருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். வழி ஒன்றுதான்: முற்றத்தின் மேல் துணி கட்டி வெயிலை அடக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் காட்சியை முகப்புக்கு மாற்றுங்கள்.

பிணத்துக்கு வருவோம். இரவு பத்து மணிக்குக் கொலை, காலை ஏழு மணிக்கு ஆய்வாளர் வந்து கையைத் தூக்கினால் துவண்டு விழுகிறது. ரத்தம் குங்குமச் சிவப்பில் பளபளக்கிறது. இரண்டும் தவறு. நம் வெப்பத்தில் விறைப்பு ஓரிரண்டு மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஒன்பது மணி நேரத்தில் கை மரக்கட்டையாக இருக்கும். கோடையில் ஒன்றரை நாளுக்குள் தளரத் தொடங்கும். சிந்திய ரத்தம் காயக் காயப் பழுப்பாகும். 'உடல் சூடு குறைந்ததை வைத்து எத்தனை மணிக்கு இறந்தார் என்று கணக்கிட்டோம்' என்ற வசனம் குளிர்நாட்டுக் கதைகளிலிருந்து வந்தது. சித்திரை வெயிலில் முற்றத்தில் கிடக்கும் உடல் எங்கே குளிரும்? அதைவிட நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. இதயம் நின்றபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தங்கி, தோல் கருஞ்சிவப்பாகும். சில மணி நேரத்தில் அது அப்படியே நிலைத்துவிடும். வளவில் மல்லாந்து கிடந்தவரைப் பிறகு பின்கட்டுக்கு இழுத்துப்போய்க் குப்புறப் போட்டால், முதுகின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு அருமையான விஷயத்தை விட்டுவிட்டு, மயக்கமருந்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்த நொடியிலேயே ஆளைச் சாய்த்துக்கொண்டிருக்கிறோம். குளோரோபார்ம் வேலை செய்யச் சில நிமிடங்களாவது ஆகும், அதுவரை ஆள் போராடிக்கொண்டிருப்பார்.

பிரேதப் பரிசோதனையை நள்ளிரவில், ஒற்றை விளக்கடியில் நடத்துவதும் வழக்கமாகிவிட்டது. இரவில் செய்யலாம் என்று மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதி தந்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழுந்தால் மட்டும் விலக்கு. நம் படம் கொலைப் படம். விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில் உறவினர்கள் மருத்துவமனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதே நல்ல காட்சி.

காவல்துறை, நீதிமன்றப் பிழைகளுக்குத் தனிப் புத்தகம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு நடக்கும் கொலைக்குப் பழைய பிரிவு 302 கிடையாது, புதிய பிரிவு 103. வயதான ஏட்டு பழக்கதோஷத்தில் 'முந்நூற்றிரண்டு' என்று சொன்னால் அது இயல்பு, விட்டுவிடலாம். முதல் தகவல் அறிக்கையைத் திரை முழுக்கக் காட்டும்போது 302 என்று இருந்தால் அது பிழை. ஓங்கி ஓர் அறை, குற்றவாளி அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான், வழக்கு முடிந்தது என்று முடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். போலீஸாரிடம் தந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் செல்லாது, புதியதிலும் செல்லாது. 'அரிவாளைக் கொல்லைக் கிணற்றில் போட்டேன்' என்று சொல்லி, அங்கே அரிவாளும் கிடைத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய சொற்கள் மட்டும் செல்லும். கதாசிரியருக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே கிடைக்கும்? நீதிபதி சுத்தியலால் தட்டுவதும், சாட்சி கீதைமேல் கை வைப்பதும் நம் நீதிமன்றங்களில் இல்லை. காரைக்குடிக்குப் போலீஸ் கமிஷனரும் இல்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் சிவகங்கையில் இருக்கிறார். செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ராயவரத்தில் நடந்த கொலைக்குக் காரைக்குடி ஆய்வாளர் அதிகாரத்தோடு வந்து நிற்க முடியாது.

பழைய காலத்தில் கதை நடந்தால் சில தேதிகள் கைவசம் இருக்க வேண்டும். கதை 1985இல் நடக்கிறது, இரும்புப் பெட்டியைத் திறந்தால் ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள். அந்தத் தாள் வந்ததே 1987இல். ஆயிரம் ரூபாய்த் தாள் 1978இல் செல்லாததாகி, 2000இல்தான் திரும்பி வந்தது. 1984இல் 'சிவகங்கை மாவட்ட ஆட்சியர்' என்று பலகை வைக்க முடியாது. அது அப்போது இராமநாதபுரம் மாவட்டம், பிரிந்தது 1985இல். டிஎன் 63 என்ற சிவகங்கை வண்டி எண் 1989இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகுதான் சாத்தியம். அதற்கு முன் மூன்று எழுத்தும் எண்ணும்தான். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவது 2004 ஜூலைக்குப் பிறகு. இன்னொன்று: 'ஒரு கோடி' என்று சிறிய கைப்பெட்டியைக் கொடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாயில் ஒரு கோடி என்றால் இருபதாயிரம் தாள், இருநூறு கட்டு. பெட்டியில் அடுக்கிப் பாருங்கள், பிறகு நடிகரை ஒற்றை விரலில் தூக்கச் சொல்லுங்கள்.

உறவு முறையில் நேரும் பிழை மிக நுட்பமானது, சந்தேக நபர்களின் பட்டியலையே குழப்பிவிடும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா, ஐயா தாத்தா, அப்பத்தா அப்பாவைப் பெற்றவர், ஆயா அம்மாவைப் பெற்றவர். ஆச்சி என்பது அக்காவையும் மரியாதைக்குரிய பெண்களையும் அழைப்பது. நெல்லை வழக்கத்தை நினைத்துப் பாட்டியாக்கிவிடக் கூடாது. ஒரு படக் கதையில் நாயகன் 'அப்பச்சி' என்று தாத்தாவைக் கூப்பிட்டான். உயில் யார் எழுதியது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. ஒரே நகரக் கோயிலில் (நகரத்தாரின் குலக் கோயிலில்) ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. பெற்றோர் கூடிப் பேசி முடித்த கல்யாணத்தில் இரு வீட்டாரும் ஒரே கோயில், ஒரே பிரிவு என்று வசனம் வந்தால், அங்கேயே கதை உடைந்தது. கழுத்துருவை அன்றாடம் அணிந்து அடுப்படியில் நிற்கும் மருமகளும் அப்படித்தான். அது கல்யாணத்தன்று போடும் கனத்த நகை. திருட்டுப் போக வேண்டுமானால் பெட்டகத்திலிருந்து போகட்டும்.

பெரிய வீட்டுக்காக ஒற்றைக் கிழவரைக் கொல்லும் வில்லன்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அந்த வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பொது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. பங்குதாரர்கள் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள். கையெழுத்து வாங்க எத்தனை பேரைக் கொல்வான்? அதற்குப் பதில் பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, வீட்டில் சொத்துப் பேச்சைக் கிளப்பினால் காரணம் தானாகவே கிடைக்கும்.

சின்னப் பிழைகளைப் பிடிக்கும் வழி எளிது. ஒவ்வொரு ஷாட் முடிவிலும் செல்போனில் மூன்று படம்: ஆள் முழுதாக, கைகள், தரை. வாசற்கோலத்தையும் எடுங்கள், தினமும் மாறுவது அது. பார்வைத் திசை சரியில்லை என்று தொகுப்பாளர் ஷாட்டை இடம் வலமாகத் திருப்பினால் உடனே இலையைப் பாருங்கள். வாழையிலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். திரும்பிய ஷாட்டில் வலப்பக்கம் போயிருக்கும், முந்தானையும் தோள் மாறியிருக்கும்.

தொகுப்பு முடிந்ததும் சினிமாக்காரர் அல்லாத இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் போதும். எங்கள் அடுத்த படத்தை அதே காவல்காரருக்குக் காட்டினேன். அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு நிறுத்தச் சொன்னார்.

"திருடன் பின்கட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தான், சத்தமே வரவில்லையே?"

"மெதுவாகத் திறந்தான் ஐயா."

"பொங்கலுக்கு ஒரு தரம், முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கு ஒரு தரம் திறக்கிற கதவு, தம்பி. நான் எண்ணெய் போட்டே திறக்க முடியவில்லை."

மறுநாள் காலை ஒலிப்பதிவுக் கருவியோடு கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறினோம்.