பழைய விமானக் கையேடு: பார்த்து வாங்கி, ஒப்பிட்டுப் படிக்க

விமான விவரமெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பழைய தாள் என்று என் மருமகன் கேட்பான். போனில் இன்றைய பதில்தான் வரும். 1964இல் என்ன நம்பினார்கள் என்று தெரிய அந்த வருஷத்துப் புத்தகம்தான் வேண்டும்.

எடுத்தவுடன் ஜேன்ஸ் வாங்காதீர்கள். உலக விமானங்களை வரிசைப்படுத்தி ஃப்ரெட் ஜேன் 1909இல் தொடங்கிய அந்த ஆண்டுத் தொகுதி விலையும் அதிகம், கனமும் அதிகம். வில்லியம் கிரீன் தொகுத்த அப்சர்வர்ஸ் என்ற சின்ன விமானக் கையேட்டு வரிசையில் ஆரம்பியுங்கள். சட்டைப் பையில் அடங்கும். ஒரு விமானத்துக்குப் பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு பக்கம்: புகைப்படம், விவரம், முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் காட்டும் நிழலுருவப் படம். கொஞ்ச நாள் பார்த்தாலே வால் அமைப்பை வைத்து விமானத்தைச் சொல்லிவிடலாம்.

கடையில் அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜேன்ஸ் மாதிரி வழவழப்பான தாள் ஒருமுறை நனைந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். நடுப்பக்கங்களை விசிறிப் பாருங்கள். பிளேடால் படம் வெட்டியிருக்கிறார்களா என்று பக்க எண்ணைச் சரிபாருங்கள். நூலக முத்திரை குறையே இல்லை, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். '1913 பதிப்பு' என்று யாராவது நீட்டினால் பதிப்பு விவரப் பக்கத்தைத் திருப்புங்கள். அநேகமாகப் பின்னாளில் வந்த மறுபதிப்பாக இருக்கும். படிக்க அது போதும், விலைதான் வேறு.

இனி படிக்கும் விதம். ஒரே விமானத்தை அடுத்தடுத்த பதிப்புகளில் வைத்துப் பாருங்கள். நம்ம மாருத் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்து, பெங்களூரில் அரசு விமான நிறுவனமான ஹெச்.ஏ.எல். கட்டி, 1961 ஜூனில் பறந்தது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்பது திட்டம். அதற்கென்று எதிர்பார்த்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் வரவே இல்லை. ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) இல்லாத ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்தி, ஒவ்வொன்றும் 4,850 பவுண்டு உந்துவிசையில் ஓட்டினார்கள். அறுபதுகளின் பதிப்புகளில் எஞ்சின் வரியையும் வேக வரியையும் மட்டும் விரலால் தொடருங்கள், ஒரு திட்டம் எப்படிச் சுருங்கியது என்று தெரியும். பிரிட்டனின் டி.எஸ்.ஆர்.2 என்ற தாக்குதல் விமானம் இன்னும் பாவம். 1964 செப்டம்பரில் முதல் பறப்பு, 1965 ஏப்ரலில் ரத்து. 1964-65 ஜேன்ஸில் அது எதிர்காலமுள்ள விமானம்!

ரஷ்ய விமானங்கள் என்றால் இன்னும் வேடிக்கை. 1967இல் மாஸ்கோ அருகே டொமொடெடவோ விமானக் கண்காட்சியில் தலைகாட்டிய, தாங்களே 'ஃபாக்ஸ்பேட்' என்று பெயரிட்ட போர் விமானத்தை மேற்கத்தியர்கள் மிக்-23 என்றே எழுதிவந்தார்கள். அது மிக்-25. பிழை என்று பேனாவால் திருத்திவிடாதீர்கள், புத்தகத்தின் மதிப்பே அதில்தான். கை துறுதுறுத்தால் தனித் துண்டுச்சீட்டில் எழுதி நடுவில் செருகுங்கள்.

எரிபொருள் அளவு கேலனில் வந்தால் யாருடைய கேலன் என்று கேளுங்கள். பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.79. விமானத்தின் உச்ச வேகம் பறக்கும் உயரத்தைப் பொறுத்து மாறும்; வேகத்துக்குப் பக்கத்தில் உயரம் போடவில்லை என்றால் அந்த எண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

கனமான தொகுதியை நிற்கவைத்தால் பைண்டிங் தொங்கும், படுக்கவையுங்கள். சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரி போதும். கிழிசலில் செல்லோடேப் மட்டும் வேண்டாம்: பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும்.