சொடுக்கிப் பார்க்கும் ஆவணப்படம்: முதல்முறை செய்பவர்களுக்கு

வழக்கமான ஆவணப்படத்தில் அடுத்து என்ன வரும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார். இணையத்துக்கென்று செய்யும் ஊடாட்ட ஆவணப்படத்தில் அந்த முடிவில் ஒரு பங்கு பார்ப்பவர் கைக்குப் போகிறது. நிரல் எழுதத் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். கிளை பிரியும் கதைகளைக் கோர்க்க உதவும் ட்வைன் என்ற இலவச மென்பொருள், ஒரு செல்பேசி, கொஞ்சம் துண்டுக் காகிதம் போதும்.

ஒரு கதையை வைத்தே பழகுவோம். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர். சரிசெய்தும் யாரும் வந்து வாங்கிப்போகாத ஐந்து கைக்கடிகாரங்கள் அவர் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

1. கிளிக் எதற்கு?

"மேலும் அறிய" என்று ஒரு பொத்தான் வைப்பது வெறும் பக்கம் திருப்பல். ஐந்து கடிகாரங்களில் எதை முதலில் எடுப்பது என்று பார்ப்பவரின் விரல் ஒரு நொடி தயங்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்குக் கதையில் இடமில்லை என்றால், பேசாமல் பத்து நிமிடப் படமாக எடுத்துவிடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

2. காகிதத்தில் போடுங்கள்

காட்சிக்கு ஒரு சீட்டு, நடுவே அம்புக்குறிகள். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு காட்சியும் இரண்டாகப் பிரிகிறது என்று வையுங்கள். ஐந்தே பிரிவில் கடைசி வரிசைக்கு 32 சீட்டு, மொத்தம் 63. யார் எடுப்பது? பூ வடிவம் போதும்: நடுவில் இழுப்பறை, சுற்றி ஐந்து இதழ், ஒவ்வொன்றிலிருந்தும் இழுப்பறைக்கே திரும்பும் வழி. தொடக்கமும் முடிவும் சேர்த்து எட்டே சீட்டு.

வேறு வடிவங்களும் உண்டு. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2012-இல் வெளியிட்ட 'பேர் 71'-இல், பான்ஃப் தேசியப் பூங்காவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட ஒரு கரடியின் கதை சுமார் 20 நிமிடம் குரலாகத் தன்பாட்டுக்கு ஓடும். பார்ப்பவர் பூங்கா வரைபடத்தில் இஷ்டத்துக்கு அலையலாம். கதை நேர்கோடு, கண்ணுக்கு மட்டும் சுதந்திரம். இரண்டாவது முயற்சிக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. பதிவு

படத்தைவிடக் குரலுக்குக் கவனம் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். செல்பேசியை மேசைமேல் வைக்காதீர்கள், சுத்தியல் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். யாரும் பேசாத அறையின் ஓசையை ஒரு நிமிடம் தனியாக எடுத்துவையுங்கள், வெட்டிய இடங்களை அது மூடும்.

இந்த வகைக்கே உரிய சிக்கல் ஒன்று: எந்தப் பதிவுத் துண்டு முதலில் திறக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. "அவங்க அப்புறம் வரவே இல்ல" என்று ஒரு துண்டு தொடங்கினால், யார் அவங்க? அதனால் பேசுபவரிடம் பொருளின் பெயரைச் சொல்லியே தொடங்கச் சொல்லுங்கள்: "இந்தக் கறுப்பு வார் கடிகாரம் இருக்கே..." ஒவ்வொரு துண்டும் தன் காலில் நிற்க வேண்டும். அனுமதி கேட்கும்போதும் இதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்வதில் ஒரு துண்டை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் போய்விடலாம், சம்மதமா என்று.

4. ட்வைனில் கோர்ப்பது

ஒரு சீட்டுக்கு ஒரு பெட்டி. இழுப்பறைப் பெட்டிக்குள் இப்படி எழுதுங்கள்:

[[கறுப்பு வார் கடிகாரம்->கறுப்பு]]

அம்புக்கு இடப்பக்கம் திரையில் தெரியும், வலப்பக்கம் போய்ச்சேரும் பெட்டியின் பெயர். வேலை முடிந்ததும் ட்வைன் அதைப் பிரவுசரில் திறக்கும் இணையப் பக்கமாக, ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாகத் தரும். படமும் ஒலியும் அதற்குள் போகாது, பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் இருக்க வேண்டும். கோப்புப் பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளை மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய எழுத்து கலந்தால் உங்கள் கணினியில் ஓடும், சர்வரில் படம் காணாமல் போகலாம்.

ட்வைனைப் பிரவுசரிலேயே திறந்து வேலை செய்தால், எல்லாம் அந்தப் பிரவுசரின் நினைவகத்தில்தான் கிடக்கும். பிரவுசரைச் சுத்தம் செய்கிறேன் என்று இரண்டு வார உழைப்பை ஒரு நொடியில் துடைத்தவன் நான். தினமும் ஒரு பிரதி எடுங்கள்.

முதல் பக்கத்தில் "தொடங்கு" என்று ஒரு லிங்க் அவசியம். பயனர் எதையாவது தொடும்வரை தானாக ஒலி எழுப்பப் பிரவுசர்கள் பெரும்பாலும் விடுவதில்லை. ஒவ்வொரு குரலுக்கும் எழுத்து வடிவமும் கீழே இருக்கட்டும்.

பகட்டான கருவிகளுக்கு ஆசைப்படும்போது ஒருகாலத்தில் இணைய அசைபடங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அதன் ஆதரவு நின்றது, அதை நம்பிச் செய்த படைப்புகள் பல திறக்காமல் போயின. வெறும் எச்டிஎம்எல் அவ்வளவு சீக்கிரம் சாகாது.

5. பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு

ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், எதையும் விளக்காதீர்கள். என் முதல் படைப்பைத் தோழி ஒருத்தி ஒரு நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே தொடுவது என்றே தெரியவில்லை. படத்தின்மேல் வைத்திருந்த லிங்க்குகளை அன்றைக்கே எழுத்தாக மாற்றினேன்.

வெளியிடுவதற்கு முன் கடிகாரக்காரரிடம் காட்டுங்கள். ஏதாவது ஒன்றை எடுத்துவிடச் சொன்னால் அந்தப் பெட்டியையும் இழுப்பறையில் அதன் ஒரு வரியையும் நீக்கினால் போதும். மீதி நான்கு கடிகாரங்களும் அப்படியே இருக்கும்.