ஊருக்குக் கொண்டுபோக சிங்கப்பூர் மசாலா: எதை வாங்கலாம், எங்கே வாங்கலாம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, முதல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பலரும் முஸ்தபா என்ற பெரிய கடைக்குப் போய் ஏலக்காய், மிளகு, கிராம்பு என்று பெட்டியை நிரப்பிவிடுகிறார்கள். இடுக்கியில் ஏலமும் வயநாட்டில் மிளகும் விளைகிற நாட்டுக்கு அதையே சுமந்துபோக வேண்டாமே! சிங்கப்பூரில் இன்று மசாலாப் பயிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன; 1850களில் பரவிய நோயில் அவை பட்டுப்போயின. இந்த ஊரின் கைமணம் கலவையில்தான் இருக்கிறது. மலாய், சீன, பெரனாக்கன் (மலாய் வழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினர்), தமிழ் அடுப்படிகள் ஒன்றையொன்று பார்த்துப் பழகியதில் பிறந்த கலவைகள் அவை. ஊர்க் கடையில் எளிதில் கிடைக்காதவையும் அவைதான்.

முதலில் வாங்க வேண்டியது மீன்தலைக் கறி மசாலா. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949இல் இங்கே கடை போட்டு, சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்புவதைக் கண்டு அதைக் குழம்பாக வைத்துக் கொடுத்தார் என்பது வரலாறு. இன்று இது எல்லோருக்கும் சொந்தமான சாப்பாடு.

இதற்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள தேக்கா ஈரச்சந்தைக்குக் காலையிலேயே போங்கள். மசாலாக் கடையில் மிளகாய், மல்லி, மஞ்சள், இஞ்சி, பூண்டு எல்லாம் அரைத்த விழுதாகத் தனித்தனியே இருக்கும். "மீனா, கோழியா? எத்தனை கிலோ? காரம் எப்படி?" இந்த மூன்று கேள்விதான் கேட்பார்கள். பதிலைச் சொன்னதும் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று கை தானாக அள்ளிப் பையில் போடும். தராசைப் பார்ப்பதில்லை. அருகில் நின்று பார்த்தால், அந்தக் குழம்பின் அளவே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். இந்த ஈர மசாலா இங்கே உங்கள் வீட்டு அடுப்புக்கு, நாள் தாங்காது. ஊருக்கு என்றால், "காய்ந்த தூளாகக் கொடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலாய்ப் பக்கத்துச் சாமான்களுக்கு கேலாங் சிராய் சந்தைதான் சரி. ரெண்டாங் என்ற இறைச்சிக் கறிக்கான தூள், காய்ந்த எலுமிச்சைப்புல், பேரரத்தைத் தூள், பெலாச்சான் என்ற இறால் கட்டி எல்லாம் அங்கே உண்டு. பெலாச்சானை வறுத்த பிறகுதான் மணம், அதுவரை நாற்றம். மூன்று உறை போட்டுக் கட்டாவிட்டால் பெட்டியிலுள்ள புடவை அத்தனையிலும் ஏறிவிடும். புவா கெராஸ் என்ற வெள்ளைக் கொட்டையையும் கொஞ்சம் வாங்குங்கள். அரைத்துக் கொதிக்கவிட்டால் குருமா நன்றாகக் கெட்டிப்படும். பச்சையாக வாயில் போடக்கூடாது, வயிற்றைப் புரட்டும். வாங்கிப்போகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

குருமா என்றதும் கசகசா நினைவுக்கு வரும். ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் அதைக் கொண்டுவராதீர்கள். சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. மசாலாப் பொடியில் சேர்த்து அரைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அதற்குப் பதில் முந்திரியோ புவா கெராஸோ போதும்.

சமைக்க நேரமில்லாத சொந்தங்களுக்கு ஃபேர்பிரைஸ் கடையில் கிடைக்கும் லக்சா (தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பு), கோழிச்சோறு பாக்கெட்டுகள் நல்லவை. பக் குட் தே என்ற எலும்புச் சூப்புக்கான பொட்டலத்தில் அன்னாசிப்பூவும் வெள்ளை மிளகும் தூக்கலாக இருக்கும். சீனர்கள் பன்றி இறைச்சியில் செய்வார்கள். கோழியிலும் காளானிலும் நன்றாகவே வரும். வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். லக்சா விழுதிலும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் பெரும்பாலும் காய்ந்த இறால் இருக்கும். முஸ்லிம் நண்பர்களுக்கு என்றால் ஹலால் முத்திரையைப் பாருங்கள்.

விழுது, சம்பால், காயா என்ற தேங்காய்ப்பால்-முட்டை ஜாம் எதுவானாலும் 100 மில்லியைத் தாண்டினால் கைப்பையில் விடமாட்டார்கள். மிளகாய்த்தூளையும் சேர்த்துப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். பச்சை ரம்பை இலை, லக்சா இலை, வேரோடு கிழங்கு இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பயிர்நோய்த் தடுப்பு விதிகளால் இந்திய விமான நிலையத்தில் சிக்கல் வரும்.

வேலை அனுமதியில் இருக்கும் நமக்குப் பொருள் சேவை வரி திரும்பக் கிடைக்காது. ஆனால் உங்களைப் பார்க்க வந்து திரும்பும் பெற்றோர் சுற்றுப்பயணிகள் என்பதால், வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் 9 விழுக்காட்டு வரியில் பெரும்பகுதியைச் சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். வாங்கும்போது அவர்கள் கடப்பிதழைக் காட்ட வேண்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே அங்குள்ள இயந்திரத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள். பொருளைக் காட்டும்படி கேட்டால் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.