சுருட்டுப் பெட்டி கிட்டாரில் ப்ளூஸ் ஸ்லைடு: சும்மா ஆரம்பித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு

ஆறு கம்பி கிட்டாரை ஆசையாக வாங்கி, எஃப் கார்டு (பல கம்பிகளை ஒருசேர விரலால் அழுத்திப் பிடிப்பதுதான் கார்டு) வரைக்கும் வந்து, விரல் வலி தாங்காமல் மூலையில் சாத்திவைத்தவர்கள் நிறைய பேர். அவர்களுக்கும், கிட்டாரையே தொடாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பெட்டி, ஒரு கட்டை, மூன்று கம்பி, விரலில் மாட்டிக் கம்பிமேல் நகர்த்த ஒரு குழாய் (ஸ்லைடு என்பது அதுதான்), இவ்வளவு இருந்தால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வாசிக்கலாம். கார்டு பிடிக்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்லைடில் சத்தம் வரவைப்பது சுலபம், வேண்டாத சத்தத்தை அடக்குவதில்தான் பாதி உழைப்பு போகும். கீழே அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம், தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்த வாத்தியம் ஏழைகளின் கையில் பிறந்தது. வரி வசூலுக்காகச் சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்தே விற்க வேண்டும் என்று 1860-களில் அமெரிக்காவில் சட்டம் வந்தது, அதனால் ஊரெல்லாம் மெல்லிய மரப்பெட்டிகள் காலியாகக் கிடைத்தன. உள்நாட்டுப் போரை நேரில் பார்த்து வரைந்த எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-இல் வெளியிட்ட ஒரு சித்திரத்தில், முகாமில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டிப் பிடில் வாசித்துக்கொண்டிருப்பார். ப்ளூஸுக்குப் பேர்போன மிசிசிப்பி டெல்டா பகுதியில் இன்னும் சிக்கனம்: துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, இரு முனையிலும் பாட்டிலைச் செருகி, இன்னொரு பாட்டிலைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பார்கள். டிட்லி போ என்று அதற்குப் பெயர். டெக்சாஸ்காரரான ப்ளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸ், தன் முதல் கிட்டாரைச் சுருட்டுப் பெட்டியில் தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆக, உங்கள் கிட்டார் கோணல்மாணலாக வந்தால் கவலைப்பட வேண்டாம்.

பெட்டியும் கட்டையும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்வதைவிட வாசிப்பதுதான் நம் விஷயம். சுருட்டுப் பெட்டி கிடைக்காவிட்டால் மூடி மெல்லிசாக இருக்கும் எந்த மரப்பெட்டியும் சரி. கழுத்துக்கு ஏறக்குறைய 90 செ.மீ. நீளமுள்ள, வளையாத, கெட்டியான மரச்சட்டம். ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குல கனம் போதும். அது பெட்டியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு வரவேண்டும், அந்த நீட்டிய பகுதியில் மூன்று துளை போட்டால் கம்பிகளின் வால் அங்கே மாட்டிக்கொள்ளும். முக்கியமான இடம் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. மூடிக்குக் கீழே வரும் பகுதியில் சட்டத்தை ஒரு 3 மி.மீ. செதுக்கி இறக்கிவிடுங்கள், மூடி சட்டத்தில் ஒட்டினால் அதிராது, அதிராவிட்டால் ஓசை செத்துப்போகும்.

தலைப்பக்கம் கம்பியை முறுக்க மூன்று ட்யூனிங் கீ. கம்பி கழுத்தில் ஏறும் இடத்தில் நட்டாக (கம்பியைத் தாங்கும் தலைப்பக்க மேடு, போல்ட்டில் மாட்டும் நட் இல்லை) ஒரு போல்ட், பெட்டியின் மேல் பிரிட்ஜாக (மறுமுனையில் தாங்கும் மேடு) இன்னொரு போல்ட். பிரிட்ஜை ஒட்ட வேண்டாம், கம்பியின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 635 மி.மீ. (25 அங்குலம்) வையுங்கள். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடுகள்) அடிக்கத் தேவையில்லை. கம்பி கழுத்திலிருந்து 5, 6 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும், சாதாரண கிட்டார்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் ஸ்லைடுக்கு இந்த உயரம்தான் வேண்டும்.

கம்பியும் சுருதியும்

கடையில் ஒரு கிட்டார் ஸ்ட்ரிங் செட் வாங்கி அதில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது ஏ, டி, ஜி. டி-யும் ஜி-யும் அப்படியே இருக்கட்டும், ஏ-வை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி ஆக்குங்கள். இப்போது தடிமனிலிருந்து மெல்லிசுக்கு ஜி, டி, ஜி. கொஞ்சமாவது பாட்டு கற்றவர்களுக்கு இது பழகிய விஷயம், ச, ப, மேல் ச. போனில் ஒரு ட்யூனர் ஆப் வைத்துக்கொண்டு சேர்த்தால் போதும்.

இந்தச் சுருதியில் காந்தாரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று கம்பியையும் ஒன்றாக மீட்டினால் அது மேஜரும் (அந்தர காந்தாரம் உள்ளது) இல்லை, மைனரும் (சாதாரண காந்தாரம் உள்ளது) இல்லை. ப்ளூஸுக்கு அதுதான் வசதி, ஏனென்றால் அந்த இசையின் காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது, அதை எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அடையாளம் போடுவது

ஃப்ரெட் இல்லாததால், சாதாரண கிட்டாரில் அந்தந்த எண்ணுள்ள ஃப்ரெட் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நட்டின் உள்விளிம்பிலிருந்து அளந்தால், 635 மி.மீ. நீளத்துக்கு இப்படி வரும்: 3-வது இடம் 101 மி.மீ., 4-வது 131, 5-வது 159, 6-வது 186, 7-வது 211, 10-வது 279, 12-வது 317.5. மற்ற இடங்கள் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் வேறு நீளம் வைத்திருந்தால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், 12-வது எப்போதும் சரிபாதி. கழுத்தின் மேல்முகத்தில் மட்டும் போடாமல், வாசிக்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கவாட்டிலும் புள்ளி வையுங்கள். சாய்வாகப் பார்க்கும்போது ஸ்லைடு கோட்டின் மேல் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், அந்தச் சில மில்லிமீட்டர் காதுக்கு நன்றாகவே கேட்கும்.

பிரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: 12-வது கோட்டில் கம்பியை விரலால் லேசாகத் தொட்டபடி மீட்டி உடனே விரலை எடுங்கள், மணி மாதிரி ஒரு ஓசை வரும். அடுத்து அதே கோட்டில் ஸ்லைடை வைத்து மீட்டுங்கள். ஸ்லைடின் ஓசை தாழ்ந்திருந்தால் பிரிட்ஜை நட் பக்கம் கொஞ்சம் தள்ளவும், உயர்ந்திருந்தால் எதிர்ப்பக்கம்.

ஸ்லைடு

கண்ணாடி மிருதுவாக ஒலிக்கும், பித்தளையும் எஃகும் கனமாக, கூர்மையாக ஒலிக்கும். ஸ்லைடுக்குப் பேர்போன ராக் கிட்டார் கலைஞர்களில் ட்வேன் ஆல்மன் வாசித்தது கோரிசிடின் என்ற சளி மாத்திரை வந்த சின்னக் கண்ணாடிப் பாட்டிலால், லோவெல் ஜார்ஜ் பயன்படுத்தியது ஸ்பார்க் பிளக் கழற்றும் சாக்கெட். டெல்டாவில் பாட்டில் கழுத்து, பேனாக்கத்தி எல்லாமே ஓடியிருக்கிறது. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கிட்டார் கம்பிமேல் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பிற்பாடு எழுதினார். ஆனால் பாட்டில் கழுத்தை நீங்களே அறுக்கும் வேலையை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள், விளிம்பு விரலைப் பதம் பார்த்துவிடும். கடையில் விற்கும் ஸ்லைடோ ஸ்பானர் செட்டிலுள்ள ஆழமான சாக்கெட்டோ போதும்.

எந்த விரலில் மாட்டுவது? ட்வேன் ஆல்மன் மோதிர விரலில் மாட்டினார், பாடகியும் கிட்டார் கலைஞருமான போனி ரைட் நடுவிரலில் மாட்டுகிறார், ஆக சட்டம் ஒன்றும் கிடையாது. நான் சுண்டு விரலைத்தான் சொல்வேன். மற்ற மூன்று விரலும் சும்மா கிடைக்கும், அவற்றுக்கு வேலை இருக்கிறது.

முதல் ஸ்வரம்

மெல்லிய கம்பியில் 5-வது கோட்டுக்கு நேர் மேலே ஸ்லைடை வையுங்கள். கோட்டுக்குப் பின்னால் விரல் வைப்பது ஃப்ரெட் கிட்டாருக்கு, இங்கே கோட்டுக்கு நேரே. அழுத்தாதீர்கள். கம்பி கழுத்தைத் தொட்டால் டக்கென்று ஒரு மரச்சத்தம் வரும், ஸ்லைடு கம்பியை விட்டு எழும்பினால் கரகரக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு லேசான பாரம் இருக்கிறது, அதைக் கை தானாகக் கண்டுபிடித்துவிடும். ஸ்லைடு கம்பிக்குச் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் மூன்று கம்பியும் மூன்று சுருதியில் போகும்.

இனி 3-லிருந்து 5-க்கு நகர்த்துங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் 5-ஐத் தாண்டாமல் நிறுத்துவது லேசு இல்லை. எப்போதும் கீழிருந்து ஏறிப் போய்ச் சேருங்கள், அதிகமாகப் போய்விட்டு இறங்கி வந்தால் தடுமாறியது எல்லோருக்கும் தெரிந்துவிடும். போய்ச் சேர்ந்தபின் மணிக்கட்டை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் ஓசை நீளும், உயிரும் வரும். ஆட்டம் அகலமாக, மெதுவாக இருக்கட்டும், கொசு பறக்கிற மாதிரி வேண்டாம்.

சத்தத்தை அடக்குவது

ஸ்லைடை நகர்த்தும்போது இரண்டு தொல்லை வரும். ஒன்று, ஸ்லைடுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள கம்பியும் சேர்ந்து முனகும். இரண்டு, நீங்கள் மீட்டாத மற்ற இரண்டு கம்பிகளும் தம் பாட்டுக்கு ஒலிக்கும். ஆரம்பக்காரர்கள் வாசிப்பு தகர டப்பாவை உருட்டியதுபோலக் கேட்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம், ஸ்வரம் தப்பியது அப்புறம்.

முதல் தொல்லைக்கு இடது கை வைத்தியம். ஸ்லைடுக்குப் பின்னால், நட் பக்கமாக, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மூன்று கம்பி மேலும் இறகு மாதிரி படுக்கவையுங்கள். ஸ்லைடு எங்கே போனாலும் அந்த விரல்கள் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வரவேண்டும். அழுத்தினால் ஓசையே நின்றுவிடும், தொட்டால் போதும்.

இரண்டாவதற்கு வலது கை. பிக் (மீட்டும் சின்னத் தகடு) வேண்டாம். தடித்த கம்பிக்குக் கட்டை விரல், நடுக் கம்பிக்கு ஆட்காட்டி, மெல்லிய கம்பிக்கு நடுவிரல் என்று பங்கு பிரித்துவிடுங்கள். எந்த விரலுக்கு வேலை இல்லையோ அது தன் கம்பி மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மெல்லிய கம்பியை நடுவிரல் மீட்டும்போது மற்ற இரண்டும் தத்தம் கம்பியை மூடியிருக்கும். ஸ்வரம் முடியவேண்டிய இடத்தில் நடுவிரலும் திரும்ப வந்து உட்காரும், அப்போது பிசிறில்லாத மௌனம் கிடைக்கும். இது பழகும்வரை எரிச்சலாக இருக்கும். மெல்லிய கம்பியில் 3, மௌனம், 5, மௌனம், 7, மௌனம் என்று வாசித்துப் பாருங்கள், மௌனத்தின்போது பெட்டியில் எந்த முனகலும் மிச்சமிருக்கக் கூடாது. தினமும் வாசிக்க உட்கார்ந்ததும் முதல் வேலை இதுதான், பாட்டு பிறகு.

ஸ்வரங்களும் இரண்டு சங்கதியும்

மெல்லிய கம்பியில் திறந்த நிலை (ஸ்லைடு வைக்காமல்), 3, 5, 6, 7, 10, 12. இவ்வளவுதான் ப்ளூஸ் ஸ்கேல். கர்நாடக சங்கீதக் கணக்கில் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், ப, கைசிகி நிஷாதம், மேல் ச. 6-ல் நிற்காதீர்கள், அது 5-க்கும் 7-க்கும் நடுவே கடந்துபோகும் இடம். 3-ஐ அப்படியே வைத்தால் சப்பென்று இருக்கும், 4-ஐ நோக்கிக் கொஞ்சம் தள்ளுங்கள், ஆனால் போய்ச் சேர வேண்டாம். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இழுப்பு உடனே பிடிபடும், அதுவும் கம்பிமேல் கட்டையை நகர்த்தி வாசிப்பதுதானே.

முதல் சங்கதி: மெல்லிய கம்பியில் 3 (லேசாக மேலே தள்ளி), ஸ்லைடை எடுத்துவிட்டு அதே கம்பி திறந்த நிலை, நடுக் கம்பியில் 3, மறுபடி மெல்லிய கம்பி திறந்த நிலை. இரண்டாவது: மெல்லிய கம்பியில் 5, 6, 5, 3, திறந்த நிலை, இதில் முதல் மூன்றையும் ஒரே மீட்டில் இழுத்துவிடுங்கள்.

தாளம் திஸ்ரம். ஒவ்வொரு அடியையும் தகிட என்று மூன்றாகப் பிரித்து, 'கி'-யில் சும்மா இருந்து, 'த'-விலும் 'ட'-விலும் மட்டும் மீட்டுங்கள். ஷஃபிள் என்கிறார்களே, அது இவ்வளவுதான். மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து ஆரம்பிக்கலாம்.

பன்னிரண்டு பார்

ஒரு பாருக்கு நான்கு அடி, மொத்தம் பன்னிரண்டு பார். மூன்று கம்பியையும் சேர்த்து மீட்டவேண்டும். முதல் நான்கு பார் ஸ்லைடு இல்லாமல் திறந்த கம்பி. அடுத்த இரண்டு பார் 5-வது கோட்டில் ஸ்லைடை மூன்று கம்பி மேலும் குறுக்காக வைத்து. பிறகு இரண்டு பார் திறந்த கம்பி. ஒன்பதாவது பார் 7-ல், பத்தாவது 5-ல், கடைசி இரண்டும் மறுபடி திறந்த கம்பி. ஆயிரக்கணக்கான ப்ளூஸ் பாட்டுகள் இந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

வட்டம் கைக்கு வந்ததும் இடையில் சங்கதிகளைச் செருகுங்கள். வழக்கமாக ஒரு வரி பாடிவிட்டு, மூச்சு வாங்கும் இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும், பாடியபடியே வாசிக்க அவசியமில்லை. இதற்குப் பக்திப் பாடல்களை ஸ்லைடோடு பாடிய பிளைண்ட் வில்லி ஜான்சனைக் கேளுங்கள். வரியின் கடைசி வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்லைடைப் பேசவிடுவார். வார்த்தையே இல்லாமல் முனகலும் ஸ்லைடுமாக 1927-இல் அவர் பதிவு செய்த ஒன்று, 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டிலும் இருக்கிறது. பாடக் கூச்சமாக இருந்தால் முனகினாலும் சரி, அவரே முனகியிருக்கிறார்.

12-வது கோட்டையும் மறக்காதீர்கள். 10-லிருந்து 12-க்கு ஏறி, நடுக் கம்பியையும் மெல்லிய கம்பியையும் சேர்த்துத் தகிட தகிட என்று மூன்று மூன்றாக விடாமல் மீட்டினால் ப்ளூஸ் ஸ்லைடு கலைஞர் எல்மோர் ஜேம்ஸ் பாணியில் ஒரு ஆர்ப்பாட்டமான தொடக்கம் கிடைக்கும், அவர் வாசித்த சுருதி வேறு என்றாலும்.

பெட்டிக்குள் பைசோ (அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் சின்னத் தகடு) ஒட்டி ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சொருகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக, மூடியின் அடியில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒட்டி ஒரு ஜாக்கோடு இணைத்தால் போதும், செலவும் குறைவுதான். ஆனால் பைசோ உரசல், தட்டல், முனகல் எதையும் விடாமல் பெரிதாக்கிக் காட்டும், அதனால் மேலே சொன்ன மௌனப் பயிற்சி சுத்தமாக வரும்வரை அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.