பழைய வண்டிக்கு வார்ம் கியர்: எங்கே தவறுகிறார்கள்?

திருகுபோன்ற ஒரு தண்டு (வார்ம்) ஒரு பல்சக்கரத்தை (வீல்) சுற்றுவதுதான் வார்ம் கியர். அது பின்னோக்கிச் சுற்றாது, அதாவது வீல் வார்மைத் திருப்பிச் சுற்றாது என்று நம்பி வேலையைத் தொடங்குவதுதான் பெரிய தவறு. சுமை தூக்கும் வின்ச்சுக்கு அந்தப் பிடிப்பு வேண்டும். அதனால் அங்கே வார்மில் ஒற்றை மரை, அந்த மரை சாய்ந்து ஏறும் கோணமும் (ஏற்றக் கோணம்) சில டிகிரிதான். ஆனால் அப்படிப் பூட்டிக்கொள்ளும் வார்ம், வாங்கிய சக்தியில் பாதியைக்கூட வீலுக்குத் தராது, மீதியெல்லாம் சூடு. அதை லாரியின் பின் அச்சில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள், சக்கரம் இறுகி இழுபடும். 1910இல் வந்த லண்டன் பி டைப் பஸ், 1917இல் வந்த ஃபோர்டு டிடி லாரி இரண்டுக்கும் பின் அச்சில் வார்ம்தான். அந்த இடத்துக்குப் பல மரைகளும் அகன்ற ஏற்றக் கோணமும் வேண்டும். நன்றாகச் செய்தால் செயல்திறன் 90 சதவீதத்தைத் தாண்டும்.

அடுத்தது, வடிவத்தைப் பார்த்து மயங்குவது. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் தன் கார்களில் வைத்த வார்ம், உடுக்கைபோல இடை சிறுத்தது. வீலை அணைத்துக்கொள்வதால் ஒரே நேரத்தில் பல பற்கள் சுமையைப் பங்கிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரிங் தேய்ந்து வார்ம் நீளவாக்கில் கொஞ்சம் நகர்ந்தாலும் பற்கள் சரியாகப் பொருந்தாது. நேர் உருளை வார்முக்கு இந்தத் தொல்லை இல்லை. வீலின் பக்கவாட்டு இடம் சரியாக இருந்தால் போதும். துல்லியமான கடைசல் வசதி இல்லாத பட்டறைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வார்மை அச்சுவாக்கில் தள்ளும் விசையைப் பலர் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கணக்கிடுகிறார்கள். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினை இழுக்கும்போது அது திசை மாறும், ரிவர்ஸிலும் அப்படியே. ஆகவே த்ரஸ்ட் பேரிங் இரு பக்கமும் தாங்க வேண்டும்.

பழைய கேஸ் இன்ஜின்களில் வால்வைத் திறக்கும் கேம் தண்டை 2:1 விகிதத்தில் சுற்றும் குறுக்குப் பல் கியரையும் (சாய்ந்த பற்கள் உள்ளது) வார்ம் என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் பற்கள் தொடுவது வெறும் புள்ளியில். வால்வைத் திறக்கத் தாங்கும், வண்டியை இழுக்கத் தாங்காது.

அப்புறம் ஆயில். வார்ம் கடினப்படுத்திய எஃகு, வீல் பாஸ்பர் வெண்கலம். இரண்டும் உருளுவதைவிட உரசி வழுக்குவதே அதிகம். கைக்குக் கிடைத்த நவீன கியர் ஆயிலை ஊற்றினால், அதிலுள்ள வீரியமான கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலத்தை அரித்துவிடும். வெண்கலத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.