அச்சுப்படத்தின் அடியில் இருக்கும் பெயர் யாருடையது?

தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட பழைய ஐரோப்பிய அச்சுப்படங்களின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு லத்தீன் சொல், பெரும்பாலும் சுருக்கமாக. முதலில் கண்ணில் படும் பெயரையே ஓவியர் என்று குறித்துக்கொள்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. யார் எந்த வேலையைச் செய்தார் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

வழக்கமாக இடது மூலையில் மூலப்படத்துக்கு உரியவர். 'பின்க்சிட்' என்றால் வண்ணத்தில் தீட்டியவர். 'டெல்.' என்றால் கோட்டில் வரைந்தவர். 'இன்வ.' என்றால் கற்பனை அவருடையது. வலது மூலையில் 'ஸ்கல்ப்.' இருந்தால் சிற்பி என்று எழுதிவிடாதீர்கள். செப்புத்தகட்டில் படத்தைச் செதுக்கியவர் அவர்.

அதிகம் பேரை ஏமாற்றுவது 'எக்ஸ்கூடிட்'. இது பதிப்பாளரைக் குறிக்கும். அச்சிட்டு விற்றவர் அவர். படத்தில் ஒரு கோடுகூட அவர் போட்டிருக்க வேண்டியதில்லை. தகடு கைமாறும்போது பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதியவர் தன் பெயரைப் பொறிப்பதும் உண்டு. ஒரே படத்தின் இரு பிரதிகளில் இந்தப் பெயர் மட்டும் மாறியிருந்தால் போலி என்று பதற வேண்டாம். எது முந்தைய பிரதி என்று கண்டுபிடிக்க அதுவே உதவும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயருக்குப் பின் வரும் 'எஃப்' எழுத்து அவருடைய இனிஷியல் அல்ல. 'ஃபெசிட்', அதாவது செய்தார். பக்கத்தில் உள்ள ஆண்டும் தகட்டுக்குத்தான், தாளுக்கு அல்ல. அவர் 1669இல் இறந்தார். அவருடைய தகடுகள் பலவற்றைப் பாரிஸ் பதிப்பாளர் பாசான் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் அச்சிட்டார், அதே ஆண்டு எழுத்துகளோடு. தாளையும் அதன் நீர்க்குறியையும் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் தாள் தயாரிப்பாளரின் குறி) பார்க்காமல் காசு கொடுப்பது வீண்.

சொற்களைச் சரியாகப் படித்தாலும் அந்த வரி சொல்வதெல்லாம் உண்மை என்று நினைக்கக் கூடாது. பெரிய மீன் சின்ன மீன்களை விழுங்கும் புகழ்பெற்ற படத்தைப் பதிப்பாளர் ஹிரோனிமுஸ் கொக் 1557இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். கற்பனை ஓவியர் ஹிரோனிமுஸ் போஷுடையது என்கிறது அடிவரி. போஷ் இறந்தது 1516இல். மூல வரைபடம் வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ஓவியர் பீட்டர் ப்ருகெல் கையெழுத்து, ஆண்டு 1556. போஷ் பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பை நினைத்தால் காரணம் புரியும். செதுக்கிய பீட்டர் வான் டெர் ஹைடனின் கூட்டெழுத்து (பெயரெழுத்துகளைப் பிணைத்த குறி) அந்த அச்சில் இருக்கிறது, பதிப்பாளர் கொக்கின் பெயர் இருக்கிறது, ப்ருகெல் பெயர் மட்டும் இல்லை.