முறைப்பதற்குப் பதிலாக

பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போகும் என் மகன், பஸ்ஸில் யாராவது கைபேசியில் சத்தமாகப் பாட்டுப் போட்டால் முறைப்பான், இல்லாவிட்டால் வெடிப்பான். "பேசாமல் இரு" என்ற அறிவுரை எடுபடவில்லை. அது நியாயமான அறிவுரையும் அல்ல.

அமெரிக்க உளவியலாளர் தோமஸ் கோர்டனின் முறை கைகொடுத்தது. மற்றவரைக் குற்றம் சாட்டாமல், நமக்கு என்ன நேர்கிறது என்று சொல்ல வேண்டும். "அறிவில்லையா?" என்பதை விட்டு, "அண்ணை, நாளைக்குப் பரீட்சை, படிக்க முடியவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீர்களா?" இரவில் நான் தொல்லை கொடுப்பவராக நடிப்பேன், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். சொற்கள் சீக்கிரம் வந்துவிட்டன; குரல்தான் பாடுபடுத்தியது. கெஞ்சவும் கூடாது, அதட்டவும் கூடாது.

கல்யாண வீட்டில் "ஏன் இப்படிக் கறுத்துப்போனாய்?" என்ற பெரியம்மாவிடம், "அப்படிச் சொன்னால் எனக்கு மனம் நோகிறது, பெரியம்மா" என்றாள் மகள். பெரியம்மா அதன்பின் படிப்பைப் பற்றித்தான் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றை மட்டும் இருவருக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்: யாராவது உடம்பில் கைவைத்தால் பணிவு தேவையே இல்லை. சத்தம் போடுங்கள், நடத்துநரைக் கூப்பிடுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். இலங்கையில் சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசி இலக்கம் 1929.